ப்ளட்போர்ன், டார்க் சோல்ஸ் 3 வீடியோ கேம்கள் இரண்டும் ஆடியவர்களே, எந்தச் சண்டை இன்னும் உறுத்துகிறது?

கடைசிபெஞ்ச்
நான் ஆடியது தலைகீழ் வரிசை. முதலில் டார்க் சோல்ஸ் 3, அப்புறம்தான் ப்ளட்போர்ன். அதே ஃபிரம்சாஃப்ட்வேர் கம்பெனி, அதே இயக்குநர் மியாசாகி, ஒரு வருட இடைவெளியில் வந்த கேம்கள். கை பழகியதுதானே என்று இறங்கினேன். ப்ளட்போர்னின் பாஸ் (பெரிய எதிரி) பாதிரியார் கேஸ்காய்ன் வரைக்கும் சமாளித்தாயிற்று.

கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் தெரியும். மனுஷன் கோடாலியை ஓங்கினார், என் விரல் தானாகக் கண்ட்ரோலரின் எல்1 பட்டனை அழுத்தியது. டார்க் சோல்ஸில் அது ஷீல்டு. இங்கே? கையிலிருந்த ரம்பக் கத்தி 'டடக்' என்று நீளமாக விரிந்தது. எதிரே கோடாலி இறங்குகிறது, நான் ஆயுதத்தை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்! பின்னால் ஓடி ஹெல்த் ஏற்ற ஊசி போடலாம் என்றால் அதற்குள் தாவி வந்துவிடுகிறார். ஒரே பட்டன்தான், ஆனால் ஒன்றில் அது காப்பாற்றும், இன்னொன்றில் சாகடிக்கும். அந்த 'டடக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மழைத்தவளை
எனக்கு நேர் எதிர். ப்ளட்போர்னில் அடி வாங்கினால் உடனே திருப்பி அடிக்க வேண்டும், போன ஹெல்த்தில் ஒரு பங்கு திரும்பி வரும். அதே புத்தியோடு டார்க் சோல்ஸ் 3-ல் முதல் பாஸ் குண்டிர் முன்னால் நின்றேன். ஈட்டி மாதிரி நீண்ட ஆயுதத்தால் ஒரு வீச்சு. சரி, திருப்பிக் கொடுப்போம் என்று அடித்தேன். ஹெல்த் அப்படியே கிடந்தது. இன்னொரு வீச்சு, ஆள் காலி.

ஆனால் அதே கேமில் அபிஸ் வாட்சர்ஸ் என்ற பாஸ் கூட்டம் வந்தபோது வீடு திரும்பின மாதிரி இருந்தது. ஒரு கையில் பெரிய வாள், இன்னொரு கையில் குத்துவாள், வழுக்கிக்கொண்டே வந்து சுழல்கிறார்கள். சண்டை நடுவில் கண் சிவந்த ஒருவன் எழுந்து தன் கூட்டாளியையே வெட்ட ஆரம்பித்தான் பாருங்கள், நான் பேடைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். அதுதான் என் நினைவில் நிற்பது.

எஸ்டஸ்பிரியன்
அபிஸ் வாட்சர்ஸ் ப்ளட்போர்ன் மாதிரி என்று எல்லாரும் சொல்கிறீர்கள். தொப்பியும் அங்கியும் பார்த்து ஏமாறாதீர்கள். டார்க் சோல்ஸ் மாதிரி உருண்டு விலகும் ரோல் போட்டு ரோல் போட்டே அவர்களை முடிக்கலாம். கேஸ்காய்னிடம் அந்த வேலை நடக்குமா?

இன்னொன்று. டார்க் சோல்ஸில் செத்தால் ஹெல்த் ஏற்றும் எஸ்டஸ் பாட்டில் தானாக நிரம்பும். ப்ளட்போர்னின் ஊசி மருந்தான ப்ளட் வயல் அப்படி இல்லை. கையிலுள்ள இருபதையும் ஒரே பாஸிடம் போட்டுத் தீர்த்துவிட்டு, மறுபடியும் யார்னம் நகரத் தெருவில் ஆள் அடித்துச் சேர்க்க வேண்டும். தோற்றவனுக்கே அபராதம் போடுகிற முறை இது. இதை யாரும் பேசுவதில்லை.

பழையகன்சோல்
@எஸ்டஸ்பிரியன் தம்பி, நானும் கேஸ்காய்னிடம் மாட்டியவன்தான். அதை விடுங்கள், வழி சொல்கிறேன். முதல் லெவல்களை ஹெல்த்தை ஏற்றும் வைட்டாலிட்டியில் போடுங்கள், பலம் அப்புறம். பாஸ் கதவுக்கு முன்னால் கையில் மிச்சமிருக்கும் எக்கோஸை (ஆட்டத்தின் பணம்) வைத்துக்கொண்டு போகாதீர்கள். திரும்பிப் போய் வயல் வாங்குங்கள். கதை நகர நகர அதன் விலை ஏறும், ஆரம்பத்திலேயே வாங்கிச் சேமிப்புப் பெட்டியில் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். தெருவில் சுற்றும் அந்தக் கனத்த உருவங்கள் வயல் தரும், அவற்றைப் பின்னாலிருந்து அடியுங்கள். கேஸ்காய்ன் ஆயுதம் ஓங்கும்போது துப்பாக்கியால் சுடக்கூடாது, அது இறங்க ஆரம்பிக்கும்போது சுட வேண்டும். பின்னால் நகராதீர்கள், அவர் தோளுக்குப் பக்கவாட்டில் முன்னால் பாயுங்கள். மிருகமாக மாறினால் நெருப்பு பாட்டில் எடுங்கள், நன்றாக எரிவார். டார்க் சோல்ஸ் 3-லும் குண்டிர் பாதியில் கருப்பாகப் பொங்கும்போது நெருப்புதான் மருந்து.

எஸ்டஸ்பிரியன்
நான் முடித்துப் பல வருடம் ஆகிறது அண்ணே. முறையைத்தான் குறை சொன்னேன்.

சின்னவெளிச்சம்
நீங்கள் எல்லாரும் பட்டன் பேசுகிறீர்கள். எனக்கு ப்ளட்போர்னில் வரும் அந்த ஜன்னல் சிறுமிதான். அம்மாவைத் தேடித் தாருங்கள் என்று கெஞ்சி, இசைப் பெட்டியைக் கொடுத்தாள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு என்றாள். அந்த அப்பா கேஸ்காய்ன் என்பது சண்டை நடுவில்தான் உறைத்தது. பெட்டியைத் திறந்தேன், அவர் தலையைப் பிடித்துக்கொண்டு துடித்தார். அந்த இடைவெளியில்தான் வெட்டினேன். ஜெயித்து மேலே ஏறினால் கூரையில் ஒரு பெண்ணின் பிணம், சிவப்புக் கல் வைத்த ப்ரூச். அதை அந்தச் சிறுமியிடம் கொடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்கு ஆட்டத்தையே நிறுத்திவிட்டேன். அவளைச் சாப்பலுக்குப் போகச் சொன்னவர்களுக்கு, வழியில் அவளைத் தின்ற சாக்கடைப் பன்றி கதை தெரிந்திருக்கும்.

டார்க் சோல்ஸ் 3 எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே சாம்பலையும் ராஜாக்களையும் பார்த்து வியந்தேனே தவிர, ஒரு பாஸைக் கொன்றுவிட்டு இப்படி உட்கார்ந்ததில்லை.

பழையகன்சோல்
பெட்டியை அடிக்கடி திறக்கக்கூடாது தங்கச்சி, சீக்கிரமே மிருகமாகிவிடுவார்.

கூட்டாஞ்சோறு
மறுபடியும் யோசனையா! மழைத்தவளை, ப்ளட்போர்ன் வாசம் வேண்டுமென்றால் அபிஸ் வாட்சர்ஸ் இல்லை, டார்க் சோல்ஸ் 3-ன் இன்னொரு பாஸ் சலிவான். ஒரு கையில் நெருப்பு வாள், மறு கையில் மந்திர வாள். ஷீல்டுக்குப் பின்னால் ஒளிந்தால் ஸ்டாமினாவை உருவிவிடுவான். பாதியில் ஒரு நிழலை எழுப்புவான். அது முதலில் வீசும், அவன் அதையே பின்னால் வீசுவான். நான் நிழலைப் பார்த்து அவனைப் படித்தேன், உள்ளே புகுந்து அடித்தேன். கடைசிபெஞ்ச், நீங்கள் முதலில் டார்க் சோல்ஸ் ஆடினீர்களே, சலிவானையும் ஷீல்டு தூக்கியா முடித்தீர்கள்?

கடைசிபெஞ்ச்
ஆமாம். தூணுக்குப் பின்னால் நின்று, நிழல் எழும்போதெல்லாம் ஓடிப்போய் எஸ்டஸ் குடித்து.