ரவுட்டர், ஸ்விட்ச் லாக்குகளை ஒழுங்காகச் சேர்க்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் ரவுட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் எல்லாவற்றின் சிஸ்லாக் செய்திகளையும் (கருவிகள் தங்களிடம் நடப்பதைப் பதிந்து அனுப்பும் வரிகள்) யுடிபி 514 வழியாக (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) ஒரே லினக்ஸ் சர்வரில், ஆர்சிஸ்லாக் என்ற லாக் சேகரிக்கும் மென்பொருளில் சேர்க்கிறோம். பழைய ஸ்விட்சுகள் அனுப்புவது ஆர்எஃப்சி 3164 என்ற பழைய சிஸ்லாக் வடிவம். அதில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஃபயர்வாலோ ஆர்எஃப்சி 5424 என்ற புதிய வடிவில் முழு நேரத்தோடு அனுப்புகிறது. லிங்க் விழுந்தால் எது முதலில் நடந்தது என்று வரிசைப்படுத்த முடியவில்லை. கடிகாரங்களை ஒத்திசைக்கும் என்டிபி எல்லாவற்றிலும் ஓடுகிறது. சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளலாமா, கருவி வாரியாகத் திருத்துவது நல்லதா?

அப்புறம், ஒரு போர்ட் விட்டு விட்டு விழுந்து எழும்போது ஒரே செய்தி கொட்டித் தீர்க்கிறது. அந்த நேரத்தில் முக்கியமான வரி தொலைந்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலை. தீவிர நிலை 4 வரை மட்டும் (0 மிகத் தீவிரம், 7 மிகச் சாதாரணம்) அனுப்பினால் கூட்டம் குறையும்; ஆனால் லாகின் செய்திகள் 5, 6-இல் வருகின்றன, அவற்றை விட மனமில்லை. யுடிபியை விட்டு, செய்தி வந்து சேர்ந்ததை உறுதி செய்யும் டிசிபிக்கு மாறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.