ஹில்டெபிராண்ட் குர்லிட்: பாதிக்கப்பட்டவரா, பயனடைந்தவரா?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். டர்பனில் எங்கள் வாசகர் வட்டத்தில், நாஜி ஆட்சிக்கால ஜெர்மன் கலை வரலாற்றாளர் ஹில்டெபிராண்ட் குர்லிட்டைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கிறது. நவீன ஓவியங்களை வாங்கி ஆதரித்ததற்காக 1930-இல் ட்ஸ்விக்காவ் அருங்காட்சியகத்தின் இயக்குநர் பதவியை இழந்தவர், சில ஆண்டுகளில் நாஜி ஆட்சிக்காக ஓவியம் விற்பவராக மாறியது எவ்வாறு? பாட்டி யூதர் என்பதால் அவருக்கு வேறு வழி இல்லை என்று சிலர் வாதிடுகின்றனர். அதை ஏற்கலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
அம்மா, அவருடைய வாழ்வை ஒரே தீர்ப்பில் அடக்க முயல்வதால்தான் குழப்பம் வருகிறது என்று எண்ணுகிறேன். 1933-இல் ஹாம்பர்க் கலைச் சங்கப் பொறுப்பையும் அவர் இழந்தார். அதுவரை அவர் பாதிக்கப்பட்டவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆட்சியாளர்கள் பொது அருங்காட்சியகங்களிலிருந்து 20,000-க்கு மேற்பட்ட நவீனப் படைப்புகளைச் 'சீரழிந்த கலை' என்று பறிமுதல் செய்து, அவற்றை வெளிநாட்டுச் செலாவணிக்கு விற்க 1938-இல் நான்கு வணிகர்களை அமர்த்தியபோது, அந்த நால்வரில் ஒருவரானார் குர்லிட். தாம் போற்றிய ஓவியர்களின் படைப்புகளையே விற்றுத் தரகு பெற்றார், சிலவற்றைத் தாமே மலிவாக வாங்கியும் கொண்டார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். 1943 முதல், லின்ஸ் நகரில் ஹிட்லர் அமைக்கவிருந்த அருங்காட்சியகத்துக்காக, ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சிலும் ஓவியங்கள் வாங்கினார்.

டர்பன் வடக்கிலிருந்து ஒருவர்:
'வேறு வழி இல்லை' என்பதைப் பற்றி ஒரு சொல். அதே ஹாம்பர்க்கில் பேராசிரியராயிருந்த யூதக் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1933-இல் பதவி நீக்கப்பட்டு அமெரிக்கா சென்றார். அந்நகரின் மற்றொரு யூதக் கலை வரலாற்றாளர் ரோசா ஷாபிரே 1939-இல்தான் லண்டனுக்குத் தப்பினார். ஆயினும் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1936 அக்டோபரில் 'ஸ்டுட்கார்ட்' கப்பலில் 500-க்கு மேற்பட்ட யூத அகதிகள் கேப் டவுனில் வந்திறங்கினர். மறு ஆண்டே நம் தென்னாப்பிரிக்கா அந்நியர் சட்டம் இயற்றி அவ்வழியை அடைத்தது. ஆகவே குர்லிட் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டதைக் குறை சொல்ல நான் தயங்குவேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்:
உண்மைதான், ஐயா. எனக்கு உறுத்துவது 1945-க்குப் பிந்தைய நடத்தை. அச்சுறுத்த யாருமில்லாத அந்தக் காலத்தில், விசாரித்த அமெரிக்கர்களிடம், தம் வணிக ஏடுகள் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்துவிட்டதாகக் கூறி, கைப்பற்றப்பட்ட ஓவியங்களை 1950-இல் திரும்பப் பெற்றார். 1956-இல் கார் விபத்தில் இறந்தார். 2012-இல் மியூனிக்கில் மகனின் அடுக்ககத்தில் 1,200-க்கு மேற்பட்ட படைப்புகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, பிரெஸ்லாவ் நகர யூதர் டேவிட் ஃப்ரீட்மனிடமிருந்து பறிக்கப்பட்ட, ஓவியர் மாக்ஸ் லீபர்மனின் 'கடற்கரையில் இரு குதிரை வீரர்கள்'. அது 2015-இல்தான் வாரிசிடம் சேர்ந்தது. கொள்ளை என்று உறுதியாகித் திருப்பித் தரப்பட்டவை 14 மட்டுமே என்பதைக் காட்டிச் சிலர் அவருக்கு நற்சான்று தருகின்றனர். மற்றவற்றுள் பலவற்றின் பழைய உடைமை வரலாறே துண்டுபட்டிருக்கும்போது அந்த எண்ணிக்கை என்ன சொல்லும்?

மேலும், விலை கொடுத்து வாங்கியதற்கு ரசீது இருந்ததே என்பார்கள். இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரை விட்டு வெளியேறியபோது எங்கள் பாட்டனாருக்குக் கிடைத்த அற்பத் தொகைக்கும் ரசீது உண்டு. அது இன்னும் எங்கள் பெட்டியில் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை:
மிக்க நன்றி. உரையை 1930-இலிருந்து தொடங்க எண்ணியிருந்தேன். இனி 1945 விசாரணையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வேன். ஐயா, மனமிருந்தால் அந்த ரசீதையும் அன்று எடுத்து வருவீர்களா?