போருக்குப் பிந்தைய பாதுகாப்பு: மேடையில் யார் அமர்வது?

அடையாறு வாசகர்:
இலங்கையில் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, சென்னையில் நான் கேட்ட கூட்டங்களில் பெரும்பாலானவை அஞ்சலியாகவோ தேர்தல் பேச்சாகவோ முடிந்தன. அந்நாட்டின் 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் போருக்குப் பின்னும் எப்படிக் கையாளப்பட்டது, இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளில் எவை உரியவர்களுக்குத் திரும்பின என்பதையெல்லாம், ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்களும் கொள்கை வகுக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகளும் பொதுமக்கள் முன் விளக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அப்படியோர் அரங்கம் நடத்தலாமே.

திருவல்லிக்கேணிக்காரர்:
எனக்கு உடன்பாடில்லை. சென்ற ஆண்டு இத்தகைய கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) மடியில் வைத்தபடி கடைசி வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். ஒலிவாங்கி அவர் கைக்கு வருமுன் மேடையில் பொன்னாடை போர்த்தத் தொடங்கிவிட்டார்கள். மேலும், உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் தம் துறை பற்றி எழுத முன் அனுமதி பெற வேண்டும் என்று 2021-இல் இந்திய அரசு ஓய்வூதிய விதியைத் திருத்தியிருக்கிறது. அவர்கள் வந்து எதைத்தான் மனம் திறந்து பேசிவிடுவார்கள்?

அடையாறு வாசகர்:
ஐயா, அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது அவமதிப்புதான். ஆனால் அவருடைய உறுதி சட்டத்தின் முன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்த அரங்கில் தேவையில்லையா? 2013-இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தப் போவதாக அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, 2,000-க்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றார்கள். சட்டம் தெரிந்தவர்கள் துணை நிற்காமல் அது நடந்திருக்காது. அப்படியும் அதே பகுதியின் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து மக்கள் கைக்குத் திரும்ப 27 ஆண்டுகள் பிடித்து, 2017 ஆகிவிட்டது.

திருவல்லிக்கேணிக்காரர்:
வழக்குத் தொடுத்தவர்கள் நிலத்துக்குரியவர்கள். வழக்கறிஞர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் நின்றார்கள். நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்து மக்களின் கருத்தறிய இலங்கை அரசு 2016-இல் அமைத்த 11 பேர் கொண்ட செயலணியிலும் மக்கள் பேசினார்கள், கற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். 7,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் பதிவாயின. (அறிக்கை பெரும்பாலும் கிடப்பில் போனது வேறு கதை.) முதல் ஒரு மணி நேரம் மக்களுக்கு, அதன்பின் நிபுணர்களின் பதில் என்று வைத்தால், நாற்காலி போட நானே வருகிறேன்.

அடையாறு வாசகர்:
அந்த வரிசைமுறையை ஏற்கிறேன். அனுமதி விதி உங்களுடைய வலுவான வாதம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புழல் முகாமிலிருந்து:
எங்களில் பலர் பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஞாயிறு மாலை என்றால் வர முடியும். அன்று முகாமில் வருகைப் பதிவு எடுப்பார்கள் என்றால் முடியாது. தேதியை எங்களிடம் கேட்டுவிட்டு அறிவியுங்கள். வருகிற அதிகாரியிடம் நான் கேட்கப் போவது, ஊரில் எங்கள் வீட்டுப் படலைக்கு (வாயிற்கதவுக்கு) எதிரே இருக்கும் இராணுவக் காவலரண் எப்போது அகலும் என்பதைத்தான்.