சாய்வும் கன்ட்ரோலும் சரி. கால்சியம் எலெக்ட்ரோடை நம்பலாமா?

கேள்வி:
எங்கள் ஆய்வகக் கருவியில் அயனிக் கால்சியம் (புரதத்தோடு பிணையாத கால்சியம்) அளக்கும் எலெக்ட்ரோடின் சாய்வு, அதாவது செறிவு மாறும்போது அது தரும் மில்லிவோல்ட் மாற்றம், கோட்பாட்டு அளவில் 93 சதவீதம். காலையும் மாலையும் ஓட்டும், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவங்களும் வரம்புக்குள்ளேயே நிற்கின்றன. ஆனால் ஒரே இரத்தச் சீரத்தை அடுத்தடுத்து ஓட்டினால் முதலில் லிட்டருக்கு 1.18 மில்லிமோல், மறுமுறை 1.24 வருகிறது. மாதிரியைத் திறந்து வைத்ததுதான் காரணமா, எலெக்ட்ரோடு தளர்ந்துவிட்டதா?

மறுமொழி 1:
திறந்து வைத்த சீரத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் பிஎச் உயரும். அப்போது கால்சியம் புரதத்தோடு கூடுதலாகப் பிணைந்து அயனிக் கால்சியம் குறைய வேண்டும். உங்களுக்கோ கூடியிருக்கிறது, ஆகவே மாதிரியின் மேல் பழி போட முடியாது.

கால்சியம் இரட்டை மின்னூட்ட அயனி என்பதால், 37 டிகிரியில் செறிவு பத்து மடங்கானாலும் எலெக்ட்ரோடு தருவது சுமார் 30.8 மில்லிவோல்ட்தான், சோடியம் எலெக்ட்ரோடு தருவதில் பாதி. அந்தக் கணக்கில் உங்கள் 0.06 வித்தியாசம் வெறும் 0.7 மில்லிவோல்ட். இவ்வளவு சிறிய நகர்வைச் சாய்வு காட்டிக்கொடுக்காது, ஏனெனில் அது புரதமே இல்லாத நீர்க்கரைசல்களில் அளக்கப்படுகிறது. பல கன்ட்ரோல் திரவங்களும் அப்படிப்பட்டவைதான். என் அனுபவத்தில், சீரம் எலெக்ட்ரோடின் முனையிலுள்ள சவ்வைத் தொட்டபின் மில்லிவோல்ட் எவ்வளவு விரைவில் நிலைகொள்கிறது என்பதே நம்பகமான அறிகுறி. புரதம் படிந்த சவ்வில் அளவீடு முடியும் நொடியிலும் அது ஊர்ந்துகொண்டே இருக்கும்.

மறுமொழி 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். கால்சியம் எலெக்ட்ரோடை மாற்றுமுன் குறிப்பு எலெக்ட்ரோடை, அதாவது மற்ற எலெக்ட்ரோடுகளின் மில்லிவோல்ட்டை ஒப்பிட்டு அளக்க உதவும் எலெக்ட்ரோடை, சந்தேகியுங்கள். அது எல்லா அயனிகளுக்கும் பொது. அந்த 0.7 மில்லிவோல்ட் அங்கிருந்து வந்திருந்தால், அதே ஓட்டத்தில் 140 இருந்த சோடியம் 143, 144 என ஏறியிருக்கும், குளோரைடு எதிர்த்திசையில் இறங்கியிருக்கும். அதன் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குமிழியோ இணைப்பில் உப்புப் படிவோ இருந்தாலே இப்படி ஆகும்.

கேள்வி கேட்டவர்:
இரு ஓட்டங்களையும் எடுத்துப் பார்த்தேன்: சோடியம் 139, 139, குளோரைடு 102, 102. கால்சியத்தின் மில்லிவோல்ட் கோடு மட்டும் கடைசி நொடி வரை ஏறிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் தந்த புரத நீக்கக் கரைசலை ஓட்டி, அளவுத்திருத்தம் செய்து, அதே சீரத்தை ஐந்து முறை வைத்தேன். 1.24, 1.25, 1.24, 1.24, 1.25. கோடும் சீக்கிரமே படுத்துவிட்டது. இனி வாரம் ஒருமுறை இந்தச் சீரச் சோதனையைப் பதிவேட்டில் எழுதப்போகிறேன்.

மறுமொழி 1:
நல்லது. கழுவிய சில நாட்களிலேயே ஊர்தல் திரும்பினால் இனிக் கழுவிப் பயனில்லை, சவ்வையே மாற்றிவிடுங்கள்.