பனிக்காலத்துல எஞ்சின் பிரிச்ச கதைகள் - ரோட்லயும் ஓட்டுற டிராக் ரேஸ் (கால் மைல் நேரா ஓட்டற போட்டி) கார் வச்சிருக்கவங்க வாங்க

நான் டெட்ராய்ட் பக்கம். நவம்பர் வந்தா ரோட்ல உப்பு கொட்ட ஆரம்பிச்சிருவான், ரேஸ் ஓட்டற ஸ்ட்ரிப்பும் மூடிருவாங்க, அதனால காரைப் பிரிக்கணும்னா அந்த நாலஞ்சு மாசம்தான். என்னோடது ஃபோர்டோட பழைய ஃபாக்ஸ் பாடி மஸ்டாங், ஆனா உள்ள இருக்கறது ஷெவி டிரக்கோட 5.3 லிட்டர் எல்எஸ் (ஃபோர்டு ஆளுங்க பானட்டைத் திறந்ததும் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்). ஸ்கிராப் யார்டு விலைக்கு இந்த அளவு அடி தாங்கற எஞ்சின் வேற இல்லங்கறது என் கட்சி.

போன குளிர்ல டர்போ போட்டேன். எல்லாரும் கேக்கறது எந்த டர்போ, எத்தன பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள்ள திணிக்கற காத்தழுத்தம்), எவ்ளோ ஹார்ஸ்பவர், அவ்ளோதான். ரிங் கேப் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையத்தோட ரெண்டு முனைக்கும் நடுவுல விடற இடைவெளி) எவ்ளோ விட்டேன்னு ஒருத்தர் கூட கேக்கல, ஆனா எஞ்சின் பொழைக்கறதும் சாகறதும் அங்கதான் இருக்கு. பூஸ்ட் ஏறினா சூடு ஏறும், ரிங் விரியும், ரெண்டு முனையும் முட்டிக்கும், அப்புறம் விரிய எடமில்லாம சிலிண்டர் சுவத்துல இறுகி பிஸ்டனோட மேல் விளிம்பையே பிச்சிட்டு வந்துரும். நம்ம ஏரியால மெஷின் ஷாப் வச்சிருக்கற ஒரு பெரியவர் சொன்ன கணக்கு, பூஸ்ட் எஞ்சினுக்கு போர் (சிலிண்டரோட உள்விட்டம்) ஒரு இஞ்சுக்கு ஆறு தவ் (ஒரு தவ்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு). 5.3க்கு போர் 3.78 இஞ்ச், அப்போ கிட்டத்தட்ட 23 தவ். கொஞ்சம் கூடப் போனா ஆயில் கொஞ்சம் குடிக்கும், கம்மியானா எஞ்சினையே குடிக்கும்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

கையால சுத்தற ரிங் ஃபைலர்லதான் அரைச்சேன். ரிங்கை சிலிண்டர்ல விட்டு, பழைய பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு நேரா கீழ தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டுப் பாத்து, வெளிய எடுத்து ரெண்டு சுத்து அரைச்சு, திரும்ப உள்ள விட்டு, இப்படியே எட்டு சிலிண்டருக்கும் மேல் ரிங், ரெண்டாவது ரிங். ஒரு முனைய மட்டும்தான் அரைக்கணும், அதுவும் வெளிப்பக்கத்துலேர்ந்து உள்பக்கமா, இல்லன்னா ரிங்கோட வெளி முகத்துல இருக்கற மாலி (மாலிப்டினம்) கோட்டிங் பேந்துரும். எந்த ரிங் எந்த சிலிண்டருக்குன்னு கவர்ல எழுதி வச்சிருங்க.

வால்வ் ஸ்பிரிங், ஹெட் ஸ்டட் எல்லாம் வழக்கம்போலதான். கியர்பாக்ஸ் மட்டும் ஒரு வார்த்தை: ஆபீஸுக்கும் இதே காருன்னா டர்போ 400 (பேருதான் டர்போ, அது ஒரு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வேணாம், ஓவர்டிரைவ் (ஹைவேல எஞ்சின் சுத்தறதைக் கொறைக்கற மேல் கியர்) கிடையாது, ஹைவேல கத்திக்கிட்டே வரும். ஓவர்டிரைவ் இருக்கற 4எல்80இ கியர்பாக்ஸ் வெயிட்டுதான், ஆனாலும் அதுதான் சரி.

-----

அண்ணை, நான் ஸ்காபரோவில இருக்கிறன். இங்க பம்பில ஈ85 (எத்தனால் கூடக் கலந்த பெட்ரோல்) கிடைக்கிறது சரியான குறைவு, அதால நான் 94 ஒக்டேன் பெட்ரோலோடதான் நிக்கிறன், கயூகா ஸ்ட்ரிப்புக்குப் போற நாளிலயும் அதேதான். பூஸ்ட் குறைச்சு ஓடுறது எண்டாலும் வழியில பெட்ரோல் தேடி அலையத் தேவையில்லை. உங்கட பக்கம் ஈ85 லேசாக் கிடைக்கும்தானே, அதுக்கு மாறேல்லையோ?

-----

அவருக்குப் பதிலா நான் சொல்றேன், நான் சிகாகோ. ஈ85னு போர்டு இருக்குமே தவிர உள்ள எத்தனால் 51லேர்ந்து 83 சதவீதம் வரை எதுவா வேணா இருக்கலாம், குளிர்ல ஸ்டார்ட் ஆகணும்னு பனிக்காலத்துல எத்தனாலைக் கொறச்சுருவாங்க. தெரிஞ்ச பையன் ஒருத்தன் மார்ச்ல பம்ப் ஈ85 போட்டு டியூன் பண்ணான், ஜூலைல அதே பம்புல எத்தனால் கூடிருச்சு, எத்தனால்னா பெட்ரோலை விட நிறைய ஊத்தணும்ல, கார் லீனா (காத்துக்கு ஏத்த எரிபொருள் பத்தாம) ஓடுச்சு. ஃப்ளெக்ஸ் ஃப்யூல் சென்சார் போட்டுட்டா எத்தனால் எவ்ளோன்னு அது பாத்துச் சொல்லும், எஞ்சின் கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி மாத்திக்கும், பெருசா செலவும் இல்ல.

அப்புறம் டர்போ போடறவங்க கவனத்துக்கு, கால் மைல்ல 11.49 செகண்டு வந்துட்டா என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) ரூல்படி ரோல் பார் (கார் கவுந்தா காப்பாத்தற இரும்புக் கம்பி) வேணும், 9.99க்கு வந்தா ரோல் கேஜ் (முழுக் கூண்டு), ரேஸ் லைசன்ஸ் ரெண்டுமே. ரோட்ல ஹெல்மெட் இல்லாம ஓட்டுவோம், மண்டை பக்கத்துல இரும்புக் கம்பி, அதனால தலை படற எடத்துல கெட்டியான பேடிங்கா பாத்து சுத்துங்க, பைப் கடைல விக்கற ஃபோம் எல்லாம் வேலைக்கு ஆகாது.