எஸ்எல்சி, காம்பாக்ட்லாஜிக்ஸ், மைக்ரோ850: மூன்றுக்கும் ஒரே சாஃப்ட்வேர் போதுமா?

கேட்டவர்:
வணக்கம். மெயின்டெனன்ஸுக்கு நான் புதிது. எங்கள் லைனில் மூன்று பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்): எஸ்எல்சி, காம்பாக்ட்லாஜிக்ஸ், மைக்ரோ850. மூன்றும் ஆலன்-பிராட்லி. எதற்கும் பேக்கப் கிடையாது. ஒரே பிராண்ட்தானே என்று லேப்டாப்பில் ஸ்டுடியோ 5000 வெர்ஷன் 33 மட்டும் போட்டேன். எஸ்எல்சியில் ஆன்லைன் போகவே முடியவில்லை. லேப்டாப்பை பிஎல்சியோடு இணைக்கும் ஆர்எஸ்லிங்க்ஸ் சாஃப்ட்வேரில் காம்பாக்ட்லாஜிக்ஸ் தெரிகிறது. ப்ரோக்ராமை லேப்டாப்புக்கு எடுக்க அப்லோட் கொடுத்தால் அதற்கான வெர்ஷன் இல்லை என்று நின்றுவிடுகிறது. மைக்ரோ850-ஐ இன்னும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சாஃப்ட்வேர் உண்டா?

பதில் (லேடர்):
இல்லை தம்பி. பிராண்டை வைத்து முடிவு செய்ய முடியாது. சிபியுவின் மேல் ஒட்டியிருக்கும் கேட்டலாக் நம்பரைப் பார்த்து எழுதுங்கள். காம்பாக்ட்லாஜிக்ஸுக்கு ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள் இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) ரிவிஷனும் வேண்டும்: ஆர்எஸ்லிங்க்ஸின் ஆர்எஸ்ஹூ விண்டோவில் அதன் மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் இருக்கும்.

கேட்டவர்:
1747-எல்532. 1769-எல்35இ, ரிவிஷன் 16 என்று ஆரம்பிக்கிறது. 2080-எல்சி50. எஸ்எல்சியில் பேட் என்ற சிவப்பு விளக்கு எரிகிறது, அது பிரச்சனையா?

பதில் (லேடர்):
அதுதான் முதல் வேலை. பேட்டரி தீர்ந்திருக்கிறது. ப்ரோக்ராம் பேட்டரியின் தயவில் ரேமில் இருக்கிறது. பேக்கப் கையில் வரும்வரை அந்த பேனலின் பவரை யாரும் ஆஃப் செய்யக் கூடாது. ஷிஃப்டில் எல்லோரிடமும் சொல்லி, பேனல் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எல்532 என்றால் எஸ்எல்சி 5/03. அதற்கு ஆர்எஸ்லாஜிக்ஸ் 500. அந்தத் தலைமுறையில் எல்லாம் என்7:0, பி3:0 போன்ற முகவரி கொண்ட டேட்டா ஃபைல்கள். காம்பாக்ட்லாஜிக்ஸில் டேக் பெயர்கள், அடித்தளமே வேறு. எல்35இ வெர்ஷன் 20க்கு மேல் ஏறவே ஏறாது; ஸ்டுடியோ 5000 தொடங்குவதோ 21இலிருந்து. அதனால் உங்களுக்கு அதற்கு முந்தைய ஆர்எஸ்லாஜிக்ஸ் 5000, அதிலும் வெர்ஷன் 16 வேண்டும். பல வெர்ஷன்களை ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 16 பழைய விண்டோஸ் காலத்தது. அதை விர்ச்சுவல் மெஷினில் எக்ஸ்பி போட்டு ஓட்டுவதே நிம்மதி. மைக்ரோ850க்கு கனெக்டட் காம்பொனென்ட்ஸ் வொர்க்பெஞ்ச். ஸ்டாண்டர்ட் எடிஷன் இலவசம்.

பதில் (பேனல்):
ஒரு எச்சரிக்கை. "ஃபர்ம்வேரை 20க்கு ஏற்றிவிட்டால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். பேக்கப் இல்லாமல் செய்யாதீர்கள். ஃப்ளாஷ் செய்தால் கன்ட்ரோலரில் உள்ள ப்ரோக்ராம் போய்விடும். நான் ஒருமுறை அப்படிச் செய்துவிட்டு, வயரிங் ட்ராயிங்கை வைத்துக்கொண்டு லாஜிக்கை முதலிலிருந்து எழுதினேன்.

கேட்டவர்:
ஆர்எஸ்லாஜிக்ஸ் 500 கிடைத்துவிட்டது. எஸ்எல்சியில் ஆர்ஜே45 போர்ட் இருக்கிறதே, ஈதர்நெட் கேபிள் போடலாமா?

பதில் (லேடர்):
வேண்டாம்! பார்க்க ஈதர்நெட் மாதிரி இருக்கும், ஆனால் 5/03இல் அது டிஎச்-485 என்ற வேறு நெட்வொர்க். அதில் மின்சாரமும் வரும்: 1747-பிஐசி கன்வெர்ட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையே அந்தப் போர்ட்டிலிருந்துதான் எடுக்கும். லேப்டாப்பை அதில் நேராகச் செருகாதீர்கள். ஈதர்நெட் உள்ளது 5/05. உங்களுக்கு 9 பின் உள்ள சேனல் 0, 1747-சிபி3 கேபிள். ஆர்எஸ்லிங்க்ஸில் டிஎஃப்1 (சீரியல் தொடர்பு) டிரைவரைச் சேர்த்து, டிவைஸ் இடத்தில் எஸ்எல்சி-சிஎச்0 தேர்ந்தெடுத்து ஆட்டோ-கான்ஃபிகர் கொடுங்கள். பாட் ரேட்டும் பேரிட்டியும் (தொடர்பின் வேகமும் பிழை சரிபார்ப்பும்) கிடைக்கவில்லை என்றால் முதலில் காம் போர்ட் எண்ணைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால் சேனல் 0-ஐயே யாரோ டிஎச்-485க்கு மாற்றியிருக்கலாம். அப்போது 1747-யுஐசி கேபிளோடு ஆர்ஜே45 பக்கம் போக வேண்டும்.

கேட்டவர்:
காம் போர்ட் எண்தான் தவறு, யுஎஸ்பி கன்வெர்ட்டர் 7இல் உட்கார்ந்திருந்தது. 19200இல் பிடித்தது, அப்லோட் முடிந்து இரண்டு இடத்தில் சேமித்துவிட்டேன். ஆனால் ரங்குகளில் (ப்ரோக்ராமின் வரிகளில்) ஒரு கமென்ட்கூட இல்லையே?

பதில் (லேடர்):
அது சகஜம். எஸ்எல்சிக்குள் கமென்டும் சிம்பலும் இருக்காது, எழுதியவரின் ஃபைலில் மட்டும்தான். ட்ராயிங்கைப் பக்கத்தில் வைத்து இன்புட், அவுட்புட்டுக்கு மட்டும் முதலில் பெயர் போடுங்கள். பேட்டரி 1747-பிஏ, இன்றே ஆர்டர் செய்யுங்கள். எல்35இயிலும் பேட்டரி உண்டு, அந்த விளக்கையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.