புதுப்பிப்பு: பழைய கணினிக்கு ஹார்ட் டிஸ்க்கே வாங்கிவிட்டேன்
விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியில் இருக்கும் குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்த வெளியில் செருகும் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்கலாமா, ஹார்ட் டிஸ்க் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கணினியில் மெதுவான பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் மட்டும்தான், நொடிக்கு 480 மெகாபிட் (அதாவது 60 மெகாபைட்) என்று சொன்னாலும் கைக்குக் கிடைப்பது 30, 35 மெகாபைட்தான், அதற்கு எஸ்எஸ்டி வாங்குவது வீண் செலவு.

முதலில் செருகியபோது டிரைவே தெரியவில்லை, பயந்துவிட்டேன். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் புதிய முறையான ஜிபிடியில் அது இருந்ததுதான் காரணம், 32 பிட் எக்ஸ்பியால் அதைப் படிக்க முடியாது. டிஸ்க் காலியாக இருந்ததால் வேறொரு கணினியில் பழைய முறையான எம்பிஆருக்கு மாற்றி, என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்தேன், உடனே வந்துவிட்டது. ஃபேட்32 என்ற இன்னொரு கோப்பு முறை வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ அதில் ஏறாது. அப்புறம், முன்பக்க போர்ட்டில் இணைப்பு விட்டுவிட்டுப் போனது, பின்பக்கம் மாற்றியதும் சரியாகிவிட்டது.